பள்ளி லீவுக்கு எந்தக் கடல்?

திருச்சியில் இருந்துகொண்டு கடலைப் பற்றிப் பேசுவதில் ஒரு வசதி உண்டு. எந்தக் கடலும் நமக்குச் சொந்தமில்லை, அதனால் எந்தக் கடல் மேலும் தனிப் பாசம் கிடையாது. புதுச்சேரி 200 கிலோமீட்டர் சொச்சம், ராமேஸ்வரம் 230 சொச்சம், வேளாங்கண்ணி அதைவிடப் பக்கம். கேரளத்துக் கோவளம் என்றால் ஒரு பகல் முழுக்க ரயில். கொழும்புக்கு இங்கிருந்தே விமானம் இருக்கிறது. எனவே எங்கள் வீட்டில் "கடலுக்குப் போகலாமா?" என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சு நாலு திசையிலும் ஓடும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி; தண்ணீர் ஜில்லென்று இருந்தால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் போய்விடும். மகளுக்குப் பன்னிரண்டு வயது; அலை வேண்டும். மகனுக்கு ஆறு, முதல் அலையைப் பார்த்ததும் என் தோளில் ஏறிவிடுவான். மனைவி கேட்பது ஒன்றுதான்: ரூமை விட்டு வெளியே வர முடிகிற வெயிலா? எல்லோருக்கும் பொதுவான இன்னொரு தடை, தேதி நம் கையில் இல்லை. காலாண்டு, அரையாண்டு, பொங்கல், மே மாச லீவு. இந்த நான்கில் ஒன்றில்தான் போயாக வேண்டும்.

முதலில் நானும் எல்லோரையும் போல மாதவாரியாகக் கடல் நீரின் வெப்பநிலை போட்ட அட்டவணையைத்தான் தேடினேன். கிடைத்தது. சென்னை, புதுச்சேரிப் பக்கம் ஜனவரி, பிப்ரவரியில் சுமார் 26 டிகிரி. மே மாதத்தில் 30 வரை. நடுவில் ஆகஸ்டில் கொஞ்சம் இறங்கி, அக்டோபரில் மறுபடி ஏறும். அவ்வளவுதான். வருஷம் முழுக்க நாலைந்து டிகிரி வித்தியாசம். ஐரோப்பாவில் இந்த அட்டவணைக்கு அர்த்தம் இருக்கிறது. ஆங்கிலக் கால்வாயில் ஆகஸ்டில்கூட 17, 18 டிகிரிதான், குளிர்காலத்தில் அது பத்துக்கும் கீழே போய்விடும். அங்கே மாதத்தைப் பார்க்காமல் இறங்கினால் பல் தந்தியடிக்கும். நம் வங்கக் கடலோ, வருஷத்திலேயே குளிர்ந்திருக்கிற தை மாசத்தில்கூட, மத்தியதரைக் கடல் நடுக்கோடையில் இருக்கிற அளவுக்கு இருக்கிறது. வெள்ளைக்காரர் டிக்கெட் போட்டுத் தேடிப் போகிற சூடு அது.

அட்டவணையை நம்பாமல் நானே பார்க்கலாம் என்று மகனுடைய மீன் தொட்டித் தெர்மாமீட்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். (இரண்டு கப்பி மீன்கள் அந்த வாரம் தெர்மாமீட்டர் இல்லாமலேயே சமாளித்தன.) தை அமாவாசைக்கு அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிப்போயிருந்தோம். அக்னி தீர்த்தத்தில் விடியாத நேரம். கரையில் நின்றவர்கள் எல்லாம் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா படியில் உட்கார்ந்து முதலில் ஒரு காலை நீட்டி விரலை மட்டும் நனைத்தார், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால் வரை. நான் துண்டை எடுத்துத் தயாராக நின்றேன். "வெதுவெதுன்னு இருக்குடா. வெளியதான் குளிருது" என்றார். தெர்மாமீட்டர் 26-க்குக் கொஞ்சம் மேலே காட்டியது. வெளியில் காற்று அதைவிடக் குளிர்ச்சி.

கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாகத்தான் ஆறும், அதுதான் விஷயம். ராத்திரியில் காற்றும் மண்ணும் சீக்கிரம் குளிர்ந்துவிடும், தண்ணீர் அப்படியே இருக்கும். தை மாச விடியலில் நமக்குக் குளிர்வது தண்ணீரில் இருந்து வெளியே வந்த பிறகு, ஈர உடம்பில் வாடை அடிக்கும்போதுதான். இதற்குப் பரிகாரம் வேறு கடல் தேடுவதில்லை. இரண்டாவது துண்டும் ஃபிளாஸ்கில் காப்பியும்.

சரி, வெப்பநிலை முடிவு செய்யாது என்றால் வேறு எது செய்யும்? காற்று.

இதையும் ராமேஸ்வரத்திலேயே கண்ணால் பார்க்கலாம். தனுஷ்கோடி சாலையில் போகும்போது ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. உள்ளூர்க்காரர்கள் முதலாவதைப் பெண் கடல் என்பார்கள், இரண்டாவதை ஆண் கடல் என்பார்கள். சாதுவானது ஒன்று, முரடானது மற்றொன்று. ஆனால் அந்தப் பெயர் வருஷம் முழுக்கப் பொருந்தாது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், பாக் நீரிணை குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பியதும் பெண் கடல் கலங்கும், ஆண் கடல் அடங்கிவிடும். நடுவில் இருப்பது சில நூறு மீட்டர் மணல்தான். ஒரே நாளில், ஒரே வெப்பநிலையில், ஒரு பக்கம் குழந்தையை இறக்கலாம், மறுபக்கம் நீந்தத் தெரிந்தவனே யோசிக்க வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் அரியமான் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், எப்போது வந்தால் நல்லது என்று கேட்டேன். "கச்சான் அடிக்கிறப்ப இந்தப் பக்கம் வாங்க தம்பி. வாடை அடிக்கிறப்ப அந்தப் பக்கம் போங்க" என்றார். கச்சான் என்றால் தென்மேற்குக் காற்று. அத்தனை அட்டவணையும் இந்த இரண்டு வரிக்குள் அடக்கம்.

ஆக, நான் இப்போது லீவைப் பார்த்து, அந்த லீவில் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிற கரையைத் தேடுகிறேன்.

மே மாச லீவில்தான் நிறையப் பேர் போகிறார்கள், நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நாங்களும் ஏமாந்தோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் மே கடைசி வாரத்தில் கேரளத்துக் கோவளத்தில் ரூம் போட்டோம். போனில் பேசியவர் "கடல் சூப்பரா இருக்கும் சார்" என்றார். பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன், பார்ப்பதற்குச் சூப்பராகத்தான் இருந்தது. மூன்று நாளும் சிவப்புக் கொடி. காலில் அலை படும் தூரத்துக்குப் போனாலே உயிர்காப்பாளர் விசில் ஊதினார். தண்ணீர் 29 டிகிரி இருந்திருக்கும், யாருக்கு என்ன பயன்? பால்கனியில் உட்கார்ந்து மழை வருவதைப் பார்த்தோம். கேரளத்தில் பருவமழை தொடங்குவது ஏறக்குறைய ஜூன் 1. அதற்கு ஓரிரு வாரம் முன்னாலேயே கடல் தயாராகிவிடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

காற்றே இல்லாத நாளிலும் அந்தக் கரைக்கு இன்னொரு ஆபத்து உண்டு. மலையாளத்தில் கள்ளக்கடல் என்பார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயலின் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து, வெயில் அடிக்கிற ஒரு நல்ல நாளில், சொல்லாமல் கொள்ளாமல் நம் கரையில் ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்கள் இறந்துபோனது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் நிலையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. நான் இப்போது கிளம்புவதற்கு முந்தின நாள் மழை வருமா என்று பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்க்கிறேன்.

அப்படியானால் மே மாதம் எங்கே? கையைக் கடிக்காத பதில், பாக் நீரிணைப் பக்கம், உச்சிப்புளிக்குப் பக்கத்தில் இருக்கும் அரியமான். சவுக்குத் தோப்பு நிழல், ஆழமில்லாத தண்ணீர், அலை என்று ஒன்று பெயருக்கு. என் மகன் முதன்முதலாகத் தோளை விட்டு இறங்கியது அங்கேதான். மகளுக்கோ பத்து நிமிஷத்தில் அலுத்துவிட்டது. "இது கடல் இல்லப்பா, பெரிய தொட்டி" என்றாள். சாயங்காலம் மூன்று மணிக்கு, கணுக்கால் ஆழத்தில் மீன் தொட்டித் தெர்மாமீட்டர் 34 காட்டியது. ஆழமில்லாத கடல் அவ்வளவு சீக்கிரம் காயும். அந்தச் சூட்டில் குளித்தால் புத்துணர்ச்சி எல்லாம் வராது, தூக்கம்தான் வரும். காலை ஒன்பது மணிக்குள் குளித்து முடித்துவிட வேண்டும். மத்தியானம் மணலில் செருப்பில்லாமல் பத்தடி நடக்க முடியாது.

மே மாதத்துக்கு இன்னும் இரண்டு குறை. ஒன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் கொஞ்சமாக வரும், விலை எகிறும். கடற்கரைக்குப் போய்க் கோழி பிரியாணி சாப்பிட்டுத் திரும்பிய குடும்பம் எங்களுடையது. இரண்டாவது, பவளப்பாறை பார்க்கிற ஆசை இருந்தால் இந்த மாதம் அதற்கு ஆகாது. நமக்கு வெதுவெதுப்பாக இருக்கும் 31 டிகிரி பவளத்துக்குக் காய்ச்சல். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கோடைச் சூட்டில் பவளங்கள் வெளுத்துப் போயின. நீர் சூடாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் கரைக்கு வெளியே செல்லுபடியாகாது.

கொஞ்சம் பணம் செலவழிக்கலாம் என்றால் மே மாதத்துக்கு என் தேர்வு இலங்கையின் கிழக்குக் கரை. தென்மேற்குக் காற்று அந்தத் தீவின் மலைகளைத் தாண்டி வரும்போது மழையை அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, திருகோணமலைக்கு வறண்ட காற்றாக வந்து சேரும். அங்கேயும் அதன் பெயர் கச்சான்தான். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடல் கண்ணாடித் தட்டு மாதிரி இருக்கும், தண்ணீர் 29 டிகிரி வாக்கில். புறாத்தீவுக்குப் படகு, அம்மாவுக்குக் கோணேஸ்வரம், கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை இதுதான் அந்தக் கரையின் சீசன். குறை என்ன? கொழும்பில் இறங்கி மறுபடி ஆறு மணி நேரம் சாலையில் போக வேண்டும், வெயிலும் நம் ஊர் வெயிலுக்குச் சளைத்ததில்லை. வேறு யாராவது மே மாதத்தில் காலி, உனவட்டுன என்று இலங்கையின் தெற்குக் கரைக்குப் பேக்கேஜ் காட்டினால் அது மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பக்கம் அப்போது எங்கள் கோவளம் கதைதான்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பள்ளி இருப்பதால் அந்த மாதங்கள் நமக்கு வேண்டாம். ஆனாலும் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட மனசில்லை. கேரளக் கரையில் வருஷத்திலேயே தண்ணீர் குளிர்ந்திருப்பது மார்கழியில் இல்லை, ஆடி மாசத்தில்தான். பருவக்காற்று மேல் தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போக, அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. அதோடு சத்தும் மேலே வருவதால்தான் அங்கே மத்தி அப்படிக் குவிகிறது. குளிப்பவனுக்கு மோசமான கடல் மீனுக்கு நல்ல கடல்.

காலாண்டு லீவைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு இது நல்லதாகப் போயிற்று. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். தென்மேற்குக் காற்று தளர்ந்திருக்கும், வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித்தான் வரும். இடையில் இருக்கும் இந்தக் கொஞ்ச நாளில் கிழக்குக் கரை ஓரளவு அமைதியாக இருக்கிறது. தண்ணீர் 29 டிகிரி. ஆறுகளில் வெள்ளம் இன்னும் வரவில்லை, அதனால் கடல் சேறு கலந்து பழுப்பாகவில்லை. தடைக்காலம் முடிந்து மூன்று மாசம் ஆகியிருக்கும், மீன் மலிவு. ரூம் வாடகை ஜனவரியில் கேட்பதில் பாதிதான் எங்களுக்கு ஆயிற்று. சாயங்காலம் இடி மழை வரும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். காலையில் கடல், மூன்று மணிக்குமேல் பஜ்ஜி. மேலும் சரஸ்வதி பூசை, ஆயுத பூசை இந்த வாரத்தில் விழுந்தால் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. நாட்காட்டியைப் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த லீவுக்கு நாங்கள் போனது புதுச்சேரிக்குத் தெற்கே சின்ன வீராம்பட்டினத்தில் இருக்கும் ஈடன் கடற்கரை. அதற்கும், சென்னைக்குத் தெற்கே இருக்கிற நம் ஊர்க் கோவளத்துக்கும் 2021-இல் நீலக் கொடிச் சான்று கிடைத்தது. அந்தச் சான்றுக்கு உயிர்காப்பாளர், தண்ணீர்ச் சோதனை எல்லாம் விதிமுறையிலேயே உண்டு. நீலக் கொடி இருப்பதால் அலை சின்னதாகிவிடாது, சென்னை, புதுச்சேரிப் பக்கத்துக் கரை சட்டென்று ஆழமாகும், இழுப்பும் உண்டு. ஆனால் எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று சொல்ல ஒரு ஆள் நிற்கிறார் என்பதே இரண்டு பிள்ளைகளை வைத்திருப்பவனுக்குப் பெரிய விஷயம். மகளுக்கு இடுப்பளவு அலை கிடைத்தது. மகன் ஓரத்தில் நண்டு வளை தோண்டினான். அம்மா சவுக்கு நிழலில் உட்கார்ந்துவிட்டு வெயில் தாழ்ந்ததும் கால் நனைத்தார்.

ஒன்றே ஒன்று, சொறி. ஜெல்லி மீனைத்தான் கடற்கரைக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். நீரோட்டம் திசை மாறும் நாட்களில் கூட்டமாகக் கரை ஒதுங்கும். காலையில் வலை இழுப்பவர்களிடம் "சொறி இருக்கா?" என்று கேட்டுவிட்டு இறங்குவது என் பழக்கம். அவர்கள் கையைப் பார்த்தாலே தெரியும்.

அரையாண்டு லீவு வந்தால் திசையை அப்படியே திருப்பிவிட வேண்டும். டிசம்பர் கடைசி வாரத்தில் கிழக்குக் கரையில் வாடை நேராக மூஞ்சியில் அடிக்கும். புயல் வராது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை: தானே புயல் கடலூர், புதுச்சேரியைப் புரட்டிப்போட்டது 2011 டிசம்பர் 30. புத்தாண்டுக்கு ரூம் போட்டிருந்தவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அதே நேரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், நாங்கள் மே மாதத்தில் சிவப்புக் கொடியைப் பார்த்துத் திரும்பிய அதே கோவளம், வேறு கடலாகிவிடுகிறது. காற்று மலையைத் தாண்டித் தரையிலிருந்து வருகிறது. தண்ணீர் 28 டிகிரி. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இருக்கும் வளைவில் அலை பிள்ளைகளின் மார்பளவுக்கு மெதுவாக ஏறி இறங்கும். கருப்பும் பொன்னிறமும் கலந்த மணல் ஈரத்தில் மினுமினுக்கும். மகளும் மகனும் ஒரே தண்ணீரில், ஒரே நேரத்தில், சண்டை போடாமல் இருந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு கடலில்தான்.

விலைதான் விஷயம். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அங்கே ரூம் வாடகை இரண்டு மடங்கு. சபரிமலை சீசன் வேறு, திருவனந்தபுரம் ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம். திருச்சியிலிருந்து காலையில் கிளம்பும் இன்டர்சிட்டியில் 60 நாள் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். டிசம்பர் 24-க்குப் போவதென்றால் அக்டோபர் 25 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். நாங்கள் ஒரு வருஷம் தீபாவளி அமளியில் அதை மறந்துவிட்டு, தட்கலுக்கு அலைந்து, கடைசியில் நாகர்கோவில் வரை பஸ்ஸில் போனோம். அம்மாவின் முழங்கால் அதை இன்னும் மறக்கவில்லை.

பொங்கல் லீவு மூன்று, நான்கு நாள்தான். தண்ணீர் வருஷத்திலேயே குறைந்த சூட்டில் இருக்கும் நேரம். ஆனால் வெயில் வருஷத்திலேயே இதமானதும் அப்போதுதான். கடலில் குளிக்காமல், கடற்கரையில் நடக்க, உட்கார, சாப்பிடப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. என் மனைவியின் ஓட்டு எப்போதும் இதற்குத்தான். காணும் பொங்கல் அன்றைக்கு மட்டும் எந்தக் கடற்கரைக்கும் போகாதீர்கள். மெரினாவில் அன்றைக்குக் கட்டை கட்டிக் கடலில் இறங்கவே விடமாட்டார்கள், கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் தேடுவதற்கே அரை நாள் போகும்.

அந்தமான் பற்றிக் கேட்கிறார்கள். ராதாநகர் கடற்கரை எல்லோரும் சொல்வது போலத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு நல்ல காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, அதாவது பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கும் காலம். மே மூன்றாம் வாரம் பருவமழை இந்தியாவில் முதலில் தொடுவதே அந்தத் தீவுகளைத்தான். முழுப் பரீட்சை ஏப்ரலில் முடிந்த கையோடு விமானம் ஏறினால் உண்டு, இல்லாவிட்டால் பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு நாமிருவர் போய்க்கொள்ளலாம்.

இந்த வருஷத்துக்கு எங்கள் வீட்டு முடிவு: காலாண்டுக்கு இரண்டு ராத்திரி ஈடன், அரையாண்டுக்குக் கோவளம். மே மாச லீவில் கடல் கிடையாது, கொடைக்கானல்தான். மகள் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய தோழி ஒருத்தி மே மாதத்தில் நிலாவெளி போகிறாளாம். அக்டோபர் 25-க்குக் கைப்பேசியில் அலாரம் வைத்தாயிற்று, காலை ஏழே முக்காலுக்கு.